நிறுத்திய காருக்குக் காவல்: டெஸ்லாவின் சென்ட்ரி மோடை மொரிசியஸில் சரியாக அமைப்பது எப்படி

சென்ட்ரி மோட் என்பது, பூட்டி நிறுத்திய டெஸ்லா மின்கார் தன் கேமராக்களால் சுற்றுப்புறத்தைக் கவனித்துப் பதிவு செய்யும் வசதி. புதிதாக டெஸ்லா வாங்கியவர்கள் என்னிடம் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "சென்ட்ரி போட்டுத்தான் வைத்திருந்தேன், ஆனால் இடித்தது யார் என்று ஒன்றுமே பதிவாகவில்லை." போய்ப் பார்த்தால் கேமராவில் ஒரு குறையும் இருக்காது. பென் டிரைவ் தவறான துளையில் இருக்கும். அல்லது பேட்டரி 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருக்கும். அல்லது பதிவு இருந்திருக்கும், அதை எடுக்கத் தெரியாமல் வண்டியை ஓட்டிப் போனதில் அழிந்திருக்கும்.

அதனால் இதில் வரிசை முக்கியம். முதலில் சேமிப்பு, அப்புறம் அமைப்பு, அப்புறம் பேட்டரிக் கணக்கு, அப்புறம் சோதனை. அதற்குப் பிறகுதான் நம்பி நிறுத்தலாம். பலர் திரையில் சென்ட்ரி பொத்தானை அழுத்துவதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். இங்கே சொல்வது மாடல் 3, மாடல் ஒய் வண்டிகளுக்குப் பொருந்தும். வேறு கம்பெனி மின்கார் வைத்திருப்பவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போகலாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நல்ல சேமிப்புக் கருவி ஒன்று, ஒரு கம்ப்யூட்டர், கேமரா துடைக்க மெல்லிய மைக்ரோஃபைபர் துணி, சோதனைக்கு உதவ வீட்டில் இன்னொருவர். இவ்வளவு போதும்.

சேமிப்புக் கருவியில் மட்டும் காசு பார்க்காதீர்கள். குறைந்தது 64 ஜிபி வேண்டும். நொடிக்கு 4 எம்பி வேகத்திலாவது இடைவிடாமல் எழுதக்கூடியதாக இருக்க வேண்டும். கேமராக்கள் எல்லாம் ஒரே நேரத்தில், மணிக்கணக்கில் எழுதிக்கொண்டே இருக்கும். சாதாரண பென் டிரைவ் பாட்டும் படமும் வைக்கச் செய்தது. இந்தச் சுமையையும், வெயிலில் நிற்கும் வண்டியின் உள்சூட்டையும் சேர்த்துத் தாங்காமல் சில மாதத்திலேயே மக்கர் செய்யும். கண்காணிப்பு கேமராக்களுக்கென்று விற்கும் நீடித்து உழைக்கும் மெமரி கார்டை ஒரு ரீடரில் போட்டுச் செருகலாம், இல்லாவிட்டால் சிறிய எஸ்எஸ்டி வாங்கலாம். இரண்டில் எதுவானாலும் 128 ஜிபி இருந்தால் நிம்மதி. வண்டியோடு கம்பெனியே ஒரு பென் டிரைவ் கொடுத்திருந்தால் தொடக்கத்துக்கு அதுவே போதும்.

2. சேமிப்பை முதலில் சரிசெய்யுங்கள்

பென் டிரைவைக் கிளவ் பாக்ஸுக்குள் இருக்கும் யூஎஸ்பி துளையில் செருகுங்கள். புதிய வண்டிகளில் நடு கன்சோலில் இருக்கும் துளைகள் போனுக்கு மின்சாரம் தருவதற்கு மட்டும்தான், தகவல் எழுதாது. வக்குவாவில் என் அத்தை மகன் பென் டிரைவை அங்கே செருகிவிட்டு, விளக்கு எரிகிறது, அதனால் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தான். திரையில் கேமரா குறியே வரவில்லை என்பதை அவன் கவனிக்கவில்லை. அந்தக் குறி வந்தால்தான் வண்டி சேமிப்பைக் கண்டுகொண்டது என்று அர்த்தம்.

கிளவ் பாக்ஸுக்கு இன்னொரு நல்ல காரணமும் உண்டு. கண்ணாடியை உடைத்து உள்ளே கை விடுகிறவன் முதலில் எடுப்பது கண்ணுக்குத் தெரிவதைத்தான். பதிவையும் சேர்த்து அவன் கொண்டுபோனால் எல்லாம் வீண். கன்ட்ரோல்ஸ் மெனுவில் சேஃப்டி பகுதிக்குப் போய்க் கிளவ் பாக்ஸுக்கு ஒரு பின் எண் வைத்துவிடுங்கள். அதே இடத்தில் வண்டி ஓட்டவும் பின் எண் கேட்கும்படி வைக்கலாம். அதையும் வைப்பது நல்லது.

அடுத்தது ஃபார்மட். சேஃப்டி பகுதியிலேயே பென் டிரைவை ஃபார்மட் செய்யும் பொத்தான் இருக்கிறது. அதையே அழுத்துங்கள். வண்டியே சரியான முறையில் ஃபார்மட் செய்து, தேவையான ஃபோல்டரையும் உருவாக்கிக்கொள்ளும். உள்ளே ஏற்கெனவே இருப்பது எல்லாம் அழிந்துவிடும், வேண்டியதை முன்பே நகல் எடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டரில்தான் செய்வேன் என்றால் எக்ஸ்ஃபேட் (exFAT) முறையைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் கம்ப்யூட்டர் சில நேரம் தானாக முன்னிறுத்தும் என்டிஎஃப்எஸ் முறையை வண்டி ஏற்காது. ஃபோல்டர் பெயரும் டெஸ்லாகேம் (TeslaCam) என்று ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல், எழுத்து பிசகாமல் இருக்க வேண்டும். ஓர் இடைவெளி விழுந்தாலும் பதிவு ஓடாது.

3. ஓடும்போது பதிவு வேறு, நிற்கும்போது காவல் வேறு

புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. டாஷ்கேம் என்பது நீங்கள் ஓட்டும்போது சாலையைப் பதிவு செய்வது. சென்ட்ரி என்பது பூட்டிவிட்டுப் போன பிறகு விழித்திருப்பது. ஓட்டும்போது கேமரா குறியில் சிவப்புப் புள்ளி இருப்பதைப் பார்த்துவிட்டு, நிறுத்தினாலும் அது தொடரும் என்று நினைக்கிறார்கள். தொடராது. சென்ட்ரி போடாமல் பூட்டினால் வண்டி தூங்கிவிடும், கேமராவும் தூங்கிவிடும்.

ஆகவே இரண்டையும் தனித்தனியாக அமையுங்கள். சேஃப்டி பகுதியில் டாஷ்கேமைத் தானியங்கி நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஹாரன் அடித்தால் சேமிக்கும் வசதியையும் போட்டு வையுங்கள். ஓர் இக்கட்டு வந்தால் கை தானாக ஹாரனுக்குத்தான் போகும், அப்போது முந்தைய 10 நிமிடமும் சேமிப்புக்குப் போய்விடும்.

அப்புறம் சென்ட்ரியை இயக்குங்கள். கதவுகளைப் பூட்டிய பிறகுதான் அது காவலுக்கு வரும். விலகி நடந்தால் தானாகப் பூட்டும் வசதியை இயக்கி வையுங்கள். கை நிறையப் பையோடு இறங்கும் நாளில் பூட்ட மறந்தாலும் காவல் நிற்காது.

4. உணர்வும் சத்தமும் விலக்கும்

சென்ட்ரிக்குள் கவனிக்க வேண்டியவை மூன்று.

கேமரா மூலம் உணர்வது: இது இயங்கினால் யாராவது வண்டிக்கு அருகில் வந்து நின்றாலே ஒரு நிகழ்வாகக் கணக்கில் எடுக்கும், முன்விளக்கு மின்னும், திரையில் பதிவு நடக்கிறது என்ற எச்சரிக்கை தோன்றும். இதை அணைத்தால் வண்டியைத் தொட்டு அசைத்தால்தான் விழிக்கும். இரவில் ஒதுக்குப்புறமான தெருவில் நிறுத்தினால் போடுங்கள். மக்கள் நெருங்கி நடக்கும் இடத்தில் அணையுங்கள்.

தைப்பூசக் காவடி நாளை எடுத்துக்கொள்ளுங்கள். கோர் த கார்த் மலைக் கோயிலுக்கு வரும் கூட்டம், ஓரத்தில் நிற்கும் கார்களை ஒட்டித்தான் நடக்க வேண்டியிருக்கிறது. கேமரா உணர்வு இயங்கினால் ஆள் போகப் போக விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். பென் டிரைவ் முழுக்கப் பால்குடமும் காவடியும் பதிவாகும். அன்று மாலை யாராவது உண்மையில் இடித்திருந்தால் அந்தக் குவியலில் அதைத் தேடி எடுப்பது பெரும்பாடு. விரதம் இருந்து வெறுங்காலோடு நடந்து வருகிறவர் முகத்தில் முன்விளக்கை அடிப்பதும் முறையில்லை.

சத்தம்: கண்ணாடி உடைவது போன்ற பெரிய ஆபத்து வந்தால் அலாரம் அலறும், ஸ்பீக்கரில் பாட்டு உச்ச ஒலியில் வரும். அதைத் தனியாக அணைக்கலாம். குடியிருப்பு வளாகத்தில் இருப்பவர்கள் இரவில் அணைக்க நினைப்பார்கள். என் கருத்து, அணைக்க வேண்டாம். கண்ணாடி உடைந்த பிறகு திருடனை விரட்டுவது அந்தச் சத்தம்தான்.

விலக்கும் இடங்கள்: வீடு, வேலை இடம், பிடித்த இடங்கள் என்று குறித்து, அங்கே சென்ட்ரி வேண்டாம் என்று சொல்லலாம். கேட்டுக்குள் நிறுத்துகிறவர்கள் வீட்டை விலக்குங்கள், பேட்டரி மிச்சம். ஆனால் ரோஸ் ஹில், போர்ட் லூயிஸ் பக்கம் பலர் வீட்டு வாசலில், தெருவிலேயே நிறுத்துகிறார்கள். அவர்கள் விலக்கவே கூடாது. அவர்களுக்கு ஆபத்து அதிகமான நேரமே வீட்டு வாசலில் நிற்கும் இரவுதான்.

5. பேட்டரிக் கணக்கு

சென்ட்ரி இயங்கும்போது வண்டியின் கம்ப்யூட்டர் தூங்காது. ஏறத்தாழ மணிக்கு ஒரு மைல் ஓடுவதற்கான மின்சாரம் செலவாகும். அதாவது சுமார் 250 வாட், ஒரு முழு நாளுக்கு 6 யூனிட். 60 யூனிட் பேட்டரி உள்ள மாடல் 3இல் இது நாளுக்கு 10 சதவீதம். வீட்டு மூன்று முள் பிளக்கில் 2.3 கிலோவாட் வேகத்தில் ஏற்றினால், அந்த ஒரு நாள் காவலைத் திரும்ப நிரப்பவே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

மறக்கக்கூடாத எண் 20. பேட்டரி 20 சதவீதத்துக்குக் கீழே போனால் சென்ட்ரி தானாக நின்றுவிடும். 25 சதவீதத்தோடு மாலை ஆறு மணிக்குத் தெருவில் நிறுத்தினால் காலை ஆறு மணி வாக்கில் காவல் முடிந்தது.

பிளெசான்ஸ் விமான நிலையத்தில் நிறுத்திவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 சதவீதத்தோடு விட்டால் ஆறு நாளில் 20க்கு வந்துவிடும். மதுரை, பழனி என்று இரண்டு வாரம் சுற்றிவிட்டு வரும்போது, எட்டு நாள் காவலே இல்லாமல் வண்டி நின்றிருக்கும். ஆறு நாளுக்கு மேல் போவதாக இருந்தால் வண்டியை உறவினர் வீட்டு கேட்டுக்குள் நிறுத்தி, சென்ட்ரியை அணைத்துவிட்டுப் போங்கள். அணைத்த வண்டி மிகக் கொஞ்சமாகத்தான் இழுக்கும்.

நிறுத்தியிருக்கும்போது உள்சூட்டைக் கட்டுப்படுத்தும் வசதியும் சேர்ந்து ஓடினால் கணக்கு இன்னும் கூடும். சார்ஜரில் செருகியிருந்தால் சென்ட்ரி தாராளமாக ஓடலாம்.

6. போனுக்கு வரும் எச்சரிக்கையை எவ்வளவு நம்பலாம்

பதிவு நடப்பதற்கு இணையம் தேவையில்லை. வண்டியும் பென் டிரைவும் போதும். ஆனால் போனுக்கு எச்சரிக்கை வரவும், ஆப் வழியாக கேமராவை நேரலையாகப் பார்க்கவும் வண்டிக்கு இணைய இணைப்பு வேண்டும். நேரலைக்குக் கட்டணச் சந்தாவும் வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து இறக்கிய வண்டியில் அதன் சொந்த சிம் இணைப்பு இங்கே வேலை செய்தே தீரும் என்று எண்ணிவிடாதீர்கள். வீட்டு வைஃபை எட்டும் தூரத்தில் எச்சரிக்கை வந்துவிடும், அதைப் பார்த்து எங்கும் வரும் என்று நினைப்பதுதான் தவறு. வைஃபையை அணைத்துவிட்டு ஒருமுறை சோதியுங்கள். வரவில்லை என்றால், உங்கள் சென்ட்ரி ஒரு பதிவுக் கருவி மட்டுமே என்று வைத்துக்கொண்டு பழகுங்கள். அப்போது நிறுத்தும் இடமும், திரும்பி வந்தவுடன் ஒருமுறை சுற்றிப் பார்ப்பதும் இன்னும் முக்கியமாகிவிடும்.

7. சோதிக்காமல் நம்பாதீர்கள்

பலர் சோதித்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்கிறார்கள். காரணம், சாவியான போன் அவர்கள் பையிலேயே இருக்கும். உரிமையாளர் வருகிறார் என்று வண்டி பூட்டைத் திறந்துவிடும், காவலும் விலகிவிடும்.

போனை உள்ளே யாரிடமாவது கொடுத்துவிட்டு வாருங்கள். வண்டி பூட்டியிருப்பதை உறுதி செய்து, இரண்டு நிமிடம் விலகி நில்லுங்கள். பிறகு ஓட்டுநர் கதவருகே போய் நின்று கைப்பிடியை இழுத்துப் பாருங்கள், உடம்பைச் சற்றுச் சாய்த்து அசையுங்கள். முன்விளக்கு மின்ன வேண்டும், திரையில் எச்சரிக்கை தெரிய வேண்டும். இதையே பயணி பக்கமும் பின்பக்கமும் செய்யுங்கள்.

இப்போது போனை வாங்கி, வண்டியைத் திறந்து, டாஷ்கேம் பார்க்கும் பகுதிக்குப் போங்கள். நிகழ்வுகள் வரிசையாக இருக்கும். முன், பின், இடது, வலது என்று எல்லாக் காட்சியையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள். ஒன்று கறுப்பாகவோ மங்கலாகவோ இருந்தால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. கடைசியாக பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் போட்டு ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள்.

பென் டிரைவைக் கழற்றும் முன் திரையின் கேமரா குறியை அழுத்திப் பிடித்துப் பதிவை நிறுத்துங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் கோப்பு கெடும், சில நேரம் பென் டிரைவே கெடும்.

8. எங்கே, எப்படி நிறுத்துவது

பக்கவாட்டு கேமராக்கள் முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால், பின்னோக்கிப் பார்க்கும்படி இருக்கின்றன. முன் கேமரா கண்ணாடியின் உச்சியில் இருக்கிறது. அதனால் முன் பம்பரில் கேமரா இல்லாத வண்டிகளில் பம்பரின் கீழ்ப்பகுதி எதற்கும் தெரியாது. பாகாதேல் மாதிரி மால்களில் சுவரைப் பார்த்து மூக்கை விடுங்கள், முன்பக்கத்தைச் சுவர் பார்த்துக்கொள்ளும். வண்டிகள் போய்வரும் பாதையைப் பின் கேமராவும் இரண்டு பக்கக் கேமராக்களும் சேர்ந்து பார்க்கும். இடிக்கிறவர் வருவது பெரும்பாலும் அந்தப் பாதையிலிருந்துதான்.

இரவில் விளக்குக் கம்பத்துக்கு அருகில் இடம் தேடுங்கள். இருட்டில் உருவம் தெரியும், நம்பர் பிளேட் தெரியாது.

ஃபிளிக் ஆன் ஃபிளாக் பக்கம் சவுக்கு மர நிழலில் நிறுத்துகிறவர்களுக்கு ஒன்று: கடல் காற்று உப்பை லென்ஸில் படியவைத்துவிடும். அதன்மேல் வெயில் விழுந்தால் படம் முழுக்க வெள்ளைப் புகை. திரும்பி வந்ததும் ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, அப்புறம் காய்ந்த துணியால் துடையுங்கள். காய்ந்த துணியை முதலிலேயே தேய்த்தால் உப்புத் துகள் லென்ஸைக் கீறும். பின் கேமராவை மறக்காதீர்கள், சேறு அதில்தான் அதிகம் தெறிக்கும்.

9. கீறலைக் கண்டால் வண்டியை எடுக்காதீர்கள்

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர்கள்கூடத் தோற்பது இங்கேதான்.

பென் டிரைவுக்குள் மூன்று ஃபோல்டர் இருக்கும். ஒன்று சென்ட்ரி நிகழ்வுகள். ஒன்று நீங்களோ ஹாரனோ சேமித்தவை. மூன்றாவது கடைசி 60 நிமிடப் பதிவு. இது ஓர் ஓட்டம், புதியது வர வர பழையது அழியும்.

மெதுவாக வந்து உரசிப்போகும் வண்டியைச் சென்ட்ரி சில நேரம் ஆபத்தாக எடுத்துக்கொள்ளாது. நிகழ்வுப் பட்டியலில் ஒன்றும் இருக்காது. ஆனால் அந்தக் காட்சி மூன்றாவது ஃபோல்டரில் இருக்கலாம், அதுவும் 60 நிமிடத்துக்குள் பார்த்தால் மட்டும். ரோஸ் ஹில்லில் எனக்குத் தெரிந்த மாமா ஒருவர் சந்தைக்குப் போய் அரை மணி நேரத்தில் திரும்பினார். பின்கதவில் நீளமான வெள்ளைக் கோடு. பட்டியல் காலி. கோபத்தில் கியூர்பிப்பில் இருக்கும் மகன் வீட்டுக்கு ஓட்டிப் போய், சாப்பிட்டு, மழையில் திரும்பி, மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். அந்த ஃபோல்டர் முழுக்கக் கியூர்பிப் மழைதான் இருந்தது.

சரியான வரிசை இது. கீறலைக் கண்டதும் முதலில் போனால் கீறலையும், வண்டி நிற்கும் நிலையையும், பக்கத்து வண்டிகளையும் படம் எடுங்கள். பிறகு உள்ளே உட்கார்ந்து நிகழ்வுப் பட்டியலைப் பாருங்கள். இருந்தால் நல்லது, அதில் முந்தைய 10 நிமிடம் வரை இருக்கும். இல்லாவிட்டால் சேமி பொத்தானை நம்பாதீர்கள், அது கடைசி 10 நிமிடத்தை மட்டும் எடுக்கும். இடித்தது அதற்கு முன்பு நடந்திருக்கலாம். கேமரா குறியை அழுத்திப் பிடித்துப் பதிவை நிறுத்தி, பென் டிரைவைக் கழற்றிப் பையில் போடுங்கள். அவ்வளவுதான், 60 நிமிடமும் அப்படியே உறைந்துவிட்டது. இப்போது வண்டியை எடுக்கலாம்.

வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டவுடன் எல்லாவற்றையும் நகல் எடுங்கள். கோப்புகள் ஒவ்வொன்றும் ஒரு நிமிட நீளம், ஒவ்வொரு கேமராவுக்கும் தனிக் கோப்பு, பெயரிலேயே தேதியும் நேரமும் இருக்கும். நீங்கள் நிறுத்திய நேரத்திலிருந்து பின் கேமராவையும் அடிபட்ட பக்கத்துக் கேமராவையும் மட்டும் வேகமாக ஓட்டிப் பாருங்கள். வண்டி லேசாக ஆடும் நொடி கிடைத்தால் அந்த நிமிடத்தின் எல்லாக் கேமராக் கோப்பையும், முன்பின் ஒரு நிமிடத்தையும் தனி ஃபோல்டரில் வையுங்கள். வெட்டி ஒட்டாதீர்கள். முழுக் கோப்பாக இருந்தால்தான் இன்ஷூரன்ஸ்காரர் கேள்வி கேட்காமல் ஏற்பார்.

இடித்தவர் அங்கேயே இருந்தால் விபத்து எப்படி நடந்தது என்று இருவரும் ஒப்புக்கொண்டு எழுதும் கோன்ஸ்டா படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். ஓடிவிட்டார் என்றால் அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு, இன்ஷூரன்ஸுக்குச் சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் நகலைத்தான் கொடுக்க வேண்டும். மூலம் உங்களிடம் இருக்கட்டும்.

10. கேமராவில் விழும் மற்றவர்கள்

பதிவில் இருக்கும் ஆளை அடையாளம் காண முடிந்தால் அது அவருடைய தனிப்பட்ட தகவல். மொரிசியஸில் இதற்கு 2017ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சென்ட்ரி விஷயத்தையே நெதர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் ஆராய்ந்தது. முடிவை 2023இல் அது வெளியிடும் முன்பே, வழிப்போக்கர்களை ஓயாமல் பதிவு செய்யும் போக்கை டெஸ்லா குறைத்திருந்தது.

போலீஸுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் கொடுப்பது வேறு, "இவனைத் தெரியுமா" என்று ஃபேஸ்புக்கில் போடுவது வேறு. இரண்டாவதைச் செய்யாதீர்கள். இந்தச் சின்னத் தீவில் அந்த முகத்துக்குச் சொந்தக்காரரின் அண்ணன் உங்கள் அலுவலகத்திலேயே இருக்கலாம், அந்த ஆள் குற்றமே செய்யாதவராகவும் இருக்கலாம். பக்கத்து வீட்டு வாசலைப் பார்த்தபடி தினமும் நிறுத்துகிறீர்கள் என்றால் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

11. புயல் அறிவிப்பு வந்தால்

முதல் எச்சரிக்கை வந்ததுமே பேட்டரியை நிரப்பி, சென்ட்ரியை அணையுங்கள். காற்றில் பறக்கும் கிளையெல்லாம் நிகழ்வாகிப் பேட்டரியைக் குடிக்கும். மின்சாரம் போனால் திரும்ப ஏற்ற வழி இருக்காது. 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் வெள்ளத்தில் மிதந்ததைப் பார்த்தோம். அந்த நேரத்தில் வண்டிக்குத் தேவை மேடான இடம், கேமரா இல்லை. பென் டிரைவையும் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள்.

12. டெஸ்லா இல்லாத மின்கார் என்றால்

வண்டியைச் சுற்றிக் கேமரா இருக்கிறது என்பதற்காக நிறுத்தியபின் காவலும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. பல கார்களில் அவை ரிவர்ஸ் எடுக்க உதவுவதற்கு மட்டுமே. சிலவற்றில் ஓட்டும்போது பதிவு உண்டு, பூட்டியதும் நின்றுவிடும். இன்னும் சிலவற்றில் போனிலிருந்து கேட்டால் சுற்றுப்புறத்தைப் படமாக எடுத்து அனுப்பும், தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்காது.

ஷோரூமில் இதைக் கேளுங்கள்: பூட்டிய பிறகு பதிவு ஓடுமா? ஓடினால் எங்கே சேமிக்கும், அந்தக் கார்டை யார் போட வேண்டும்? பேட்டரி எந்த அளவில் நிறுத்திவிடும்? இணையம் இல்லாவிட்டாலும் பதிவாகுமா? வாயால் சொல்வதோடு விடாமல், அங்கே நிற்கும் ஒரு வண்டியைப் பூட்டச் சொல்லி, ஏழாம் பகுதியில் சொன்ன சோதனையை அங்கேயே செய்துகாட்டச் சொல்லுங்கள். செய்துகாட்ட முடியவில்லை என்றால் தனியாக ஒரு டாஷ்கேம் வாங்கி, நிறுத்தும்போதும் பதிவு செய்யும்படி மின்வயர் இழுத்துப் பொருத்துவதே வழி. மின்காரில் அந்த வயரைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுக்காமல், வண்டி விற்றவர்களின் பட்டறையிலேயே போடச் சொல்லுங்கள். வாரண்டி அதைப் பொறுத்தது.